பெரிய நகரத்தை முதலில் சின்னதாக்கிக்கொள்ளுங்கள்

பள்ளிப் படிப்பை முடித்துவிட்டு அடுத்த மாதம் ஒரு பெரிய நகரத்துக்குப் போகிறீர்கள். அங்கே ஒருவரையும் தெரியாது. வேலை பார்த்துக்கொண்டே மேற்கொண்டு படிக்கும் எண்ணம் இருக்கிறது. பள்ளியில் எல்லோருக்கும் நீங்கள் ‘வாயே திறக்காத ஆள்’. அந்தப் பெயரை ஊரிலேயே விட்டுவிட்டுப் புது ஆளாகத் தொடங்க வேண்டும், எங்கிருந்து ஆரம்பிப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். பழைய நண்பர்களின் தொடர்பை விட்டுவிட்டால் இது சுலபமாகுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். அந்தக் கேள்விக்குக் கடைசியில் வருகிறேன்.

புது ஆளாக மாறுவது நடக்கக்கூடிய காரியம்தான். ஆனால் ‘இனிமேல் நான் கலகலப்பாகப் பேசப் போகிறேன்’ என்று கிளம்பும் முன் எடுக்கிற முடிவு மட்டும் போதாது. அந்த வேகம் ஒரு வாரத்தில் அடங்கிவிடும். நம்மை மாற்றுவது பெரும்பாலும் நாம் தினமும் எங்கே போகிறோம், எத்தனை மணிக்குப் போகிறோம், அங்கே யார் இருக்கிறார்கள் என்பதுதான். வெண்டி வுட் என்ற உளவியலாளரும் அவருடன் பணியாற்றியவர்களும் 2005-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இதைப் பற்றியது. ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து இன்னொன்றுக்கு மாறிய மாணவர்களிடம், உடற்பயிற்சி செய்வது, செய்தித்தாள் படிப்பது, தொலைக்காட்சி பார்ப்பது போன்ற பழக்கங்களை மாறும் முன்பும் மாறிய பிறகும் கேட்டுப் பார்த்தார்கள். புது இடத்திலும் சூழ்நிலை பழையபடியே அமைந்தவர்களுக்குப் பழக்கம் அப்படியே தொடர்ந்தது. சூழ்நிலை மாறியவர்களுக்குப் பழக்கத்தின் பிடி தளர்ந்துபோயிற்று. அந்த நேரத்தில் அவர்கள் மனதில் என்ன நினைத்தார்களோ, அதன்படி நடக்க முடிந்தது.

அதனால் போய் இறங்கியதும் வருகிற முதல் சில வாரங்கள் மிகவும் மதிப்புள்ளவை. பழைய பழக்கங்கள் இல்லாமல், புதியவை இன்னும் படியாமல் இருக்கிற காலம் அது. ‘முதலில் வேலை நிலைக்கட்டும், செட்டில் ஆகட்டும், அப்புறம் வெளியே போகலாம், ஆட்களோடு பழகலாம்’ என்றுதான் நிறையப் பேர் நினைக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. முதல் மாதம் முழுக்க வேலை முடிந்ததும் அறைக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு போனோடு படுத்தால், மூன்றாவது மாதத்தில் அதுதான் உங்கள் வாழ்க்கையாகப் படிந்திருக்கும். அதை உடைப்பது, புதிதாக ஒன்றைத் தொடங்குவதைவிடக் கடினம்.

சரி, அறையிலிருந்து தொடங்குவோம்.

அறை தேடும்போது எல்லோரும் முதலில் வாடகையைப் பார்ப்பார்கள். வாடகை குறைவாக இருக்கிறது என்று நகரத்தின் ஓரத்தில் எடுத்துவிட்டு, தினமும் போக வர மூன்று மணி நேரம் செலவழிப்பார்கள். புரூனோ ஃபிரே, அலோய்ஸ் ஸ்டட்சர் என்ற இரண்டு பொருளாதார அறிஞர்கள் ஜெர்மனியில் திரட்டப்பட்ட தரவுகளை வைத்து இதை ஆராய்ந்தார்கள். நீண்ட தூரம் பயணம் செய்து வேலைக்குப் போகிறவர்கள் அதற்கு ஈடாக நல்ல வீடோ கூடுதல் சம்பளமோ பெற்று மனநிறைவோடு இருப்பார்கள் என்றுதான் கணக்குப்படி எதிர்பார்க்க வேண்டும். ஆனால் பயண நேரம் கூடக் கூட அவர்களின் மனநிறைவு குறைந்துகொண்டே போனது தெரியவந்தது. புதிதாக வந்தவருக்கு இந்த இழப்பு இன்னும் பெரியது. வேலை முடிந்து ஒரு வகுப்புக்கோ மைதானத்துக்கோ போகிற நேரத்தைத்தான் பயணம் தின்றுவிடும். கொஞ்சம் சின்ன அறையாக இருந்தாலும் பரவாயில்லை, பக்கத்தில் எடுங்கள். முடிந்தால் தனியறை வேண்டாம். சமையலறையோ கூடமோ பொதுவாக இருக்கிற இடமாகப் பாருங்கள்.

இதை அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. லியான் ஃபெஸ்டிங்கர், ஸ்டான்லி ஷாக்டர், கர்ட் பேக் ஆகிய மூவரும் 1950-இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் மாணவர் குடியிருப்பில் யாருக்கு யார் நண்பரானார்கள் என்று பார்த்தார்கள். ஒரே தளத்தில் அடுத்தடுத்த கதவில் இருந்தவர்களில் 41 சதவீதம் பேர் ஒருவரை ஒருவர் நெருங்கிப் பழகுகிறவராகச் சொன்னார்கள். தளத்தின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் இடையில் அது 10 சதவீதமாகக் குறைந்துவிட்டது. நடுவில் இருந்த தூரம் சில கதவுகள்தான். மாடிப்படிக்குப் பக்கத்தில் இருந்தவர்களுக்கு மேல்தளத்திலும் நண்பர்கள் கிடைத்தார்கள், ஏனென்றால் எல்லோரும் அந்த வழியாகத்தான் ஏறி இறங்கினார்கள். பேச்சுத் திறமையைவிட, யார் வழியில் நீங்கள் நிற்கிறீர்கள் என்பது முக்கியம். கூச்சமுள்ளவருக்கு இதைவிட நல்ல செய்தி கிடையாது.

அறையை நேரில் பார்க்காமல் பணம் அனுப்பாதீர்கள். ‘இன்னும் நாலு பேர் கேட்கிறார்கள், இப்போதே அட்வான்ஸ் போட்டால் உங்களுக்கு’ என்று அவசரப்படுத்தினால், அந்த அவசரமே விட்டுவிட்டு வரப் போதுமான காரணம். பார்க்கப் போனால் ஐந்து நிமிடத்தில் திரும்பிவிடாதீர்கள். குழாயைத் திறந்து ஒரு நிமிடம் ஓடவிடுங்கள், தண்ணீரின் வேகமும் நிறமும் தெரியும். கதவை உள்ளிருந்து தாழிட்டுப் பாருங்கள். ஜன்னலைத் திறந்து மூடுங்கள். கட்டில் வைக்கும் மூலையில் நின்று போனில் சிக்னல் வருகிறதா என்று பாருங்கள். சுவரின் அடிப்பகுதியில் ஈரம் ஏறியிருக்கிறதா என்று கையை வைத்துப் பாருங்கள், புதுப் பெயின்ட் அடித்திருந்தாலும் கைக்குத் தெரிந்துவிடும். அங்கே ஏற்கெனவே தங்கியிருக்கிறவர் யாராவது படியில் எதிர்ப்பட்டால், வீட்டுக்காரர் பக்கத்தில் இல்லாதபோது ‘இங்கே எப்படி?’ என்று கேளுங்கள். அந்தப் பதிலுக்கு மதிப்பு அதிகம். இருட்டிய பிறகு ஒருமுறை அந்தத் தெருவில் நடந்து பாருங்கள். ஒப்பந்தத்தில் மூன்று விஷயங்களைக் கட்டாயம் படியுங்கள்: காலி செய்ய எத்தனை நாள் முன்னால் சொல்ல வேண்டும், அட்வான்ஸ் எப்போது திரும்ப வரும், எதற்கெல்லாம் அதில் பிடிப்பார்கள். குடியேறும் நாளில் ஒவ்வொரு சுவரையும் படம் எடுத்து வீட்டுக்காரருக்கே அனுப்பிவிடுங்கள். ஏற்கெனவே இருந்த கீறலைக் காட்டிப் பின்னால் உங்கள் பணத்தில் கைவைப்பது கடினமாகும்.

முதல் இரவு தூக்கம் வராது. புது இடம், அப்படித்தான் இருக்கும். பிரவுன் பல்கலைக்கழகத்தில் 2016-இல் செய்த ஆய்வு, பழகாத இடத்தில் முதல் இரவு மூளையின் இடது பாதி வலது பாதியைவிடக் குறைவான ஆழத்தில் தூங்குகிறது என்று காட்டியது. அன்னிய இடத்தில் உடல் தன் பாதுகாப்புக்காகக் கொஞ்சம் விழித்திருக்கிறது, அவ்வளவுதான். அந்த இரவில் வருகிற ‘தப்பான முடிவு எடுத்துவிட்டோமோ’ என்ற எண்ணத்தை நம்ப வேண்டாம். முக்கியமான நேர்முகத் தேர்வு இருந்தால், அதற்கு முந்தின நாள் போய் இறங்காமல் இரண்டு மூன்று நாள் முன்னாலேயே போய்விடுங்கள்.

இனி ஆட்கள். உங்கள் கேள்வியின் உயிர் இங்கேதான் இருக்கிறது.

பெரிய நகரத்தில் ஆயிரக்கணக்கான பேர் கண்ணில் படுவார்கள், ஆனால் தினமும் வேறு வேறு முகங்கள். நட்பு உண்டாக வேண்டுமென்றால் ஒரே முகங்கள் திரும்பத் திரும்பக் கண்ணில் பட வேண்டும். பள்ளியில் அந்த வேலையை மணி அடித்து, வகுப்பில் உட்காரவைத்து, யாரோ நமக்காகச் செய்துகொண்டிருந்தார்கள். நகரத்தில் அதை நீங்களேதான் ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். அதற்கு நான் சொல்லும் வழி ஒன்றுதான்: நகரம் முழுவதையும் சுற்றிப் பார்க்கும் ஆசையைத் தள்ளிவைத்துவிட்டு, மூன்று இடங்களை மட்டும் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொரு வாரமும் அதே நாள், அதே நேரம் அங்கே போய் நில்லுங்கள். நூலகமாக இருக்கலாம், விளையாட்டு மைதானமாக இருக்கலாம், மொழி வகுப்பாக, இசை வகுப்பாக, தன்னார்வப் பணியாக இருக்கலாம். எதைத் தேர்ந்தெடுக்கிறீர்கள் என்பது அவ்வளவு முக்கியமில்லை. அங்கே வருகிறவர்கள் ஒவ்வொரு வாரமும் அதே ஆட்களாக இருக்கிறார்களா என்பதை மட்டும் பாருங்கள். ஒருமுறை மட்டும் நடக்கிற கூட்டங்களும் நிகழ்ச்சிகளும் புதிதாக வந்தவருக்கு அவ்வளவாக உதவுவதில்லை. நூறு பேர் கூடுவார்கள், நாலு பேரிடம் பெயர் சொல்வீர்கள், மறுநாள் ஒருவரையும் பார்க்க மாட்டீர்கள்.

‘போய் நின்றால் மட்டும் போதுமா? எனக்குப் பேசவே வராதே’ என்று கேட்பீர்கள். ரிச்சர்ட் மோர்லேண்ட், ஸ்காட் பீச் என்ற இருவர் 1992-இல் வெளியிட்ட ஆய்வை நான் பலருக்கும் சொல்லுவதுண்டு. ஒரு பெரிய கல்லூரி வகுப்பில் நான்கு பெண்களை மாணவர்களைப் போல வந்து உட்காரச் சொன்னார்கள். ஒருவர் 15 முறை வந்தார், ஒருவர் 10 முறை, ஒருவர் 5 முறை, ஒருவர் ஒருமுறைகூட வரவில்லை. யாரோடும் ஒரு வார்த்தையும் பேசக் கூடாது என்பது ஏற்பாடு. பருவத்தின் முடிவில் அந்த நால்வரின் படங்களையும் வகுப்பு மாணவர்களிடம் காட்டினார்கள். அவர்களை முன்பே தெரியும் என்று சொன்னவர்கள் மிகக் குறைவு. ஆனாலும் அதிக முறை வந்தவரைத்தான் மாணவர்களுக்கு அதிகம் பிடித்திருந்தது. வாயே திறக்காமல் ஒரே இடத்துக்குத் திரும்பத் திரும்ப வந்தாலே பாதி வேலை நடந்துவிடுகிறது.

மீதிப் பாதிக்கு வாயைத் திறக்கத்தான் வேண்டும். அதற்குப் பெரிய பேச்சு எதுவும் தேவையில்லை. உங்களைப் போலக் கூச்சமுள்ள ஒரு பெண்ணுக்கு, வார இறுதி ஓவிய வகுப்பு ஒன்றில் எப்படித் தொடங்கியது என்று எனக்குத் தெரியும். முதல் இரண்டு வாரம் பின் வரிசையில் உட்கார்ந்துவிட்டு வகுப்பு முடிந்ததும் முதல் ஆளாக வெளியேறினார். மூன்றாவது வாரம், கடைசி ஆளாகக் கிளம்புவது என்று மட்டும் முடிவு செய்தார். தூரிகை கழுவும் தொட்டியில் இரண்டு பேர் வரிசையில் நின்றார்கள். அவர் கேட்டது ஒரே ஒரு கேள்வி: ‘இந்த நீலம் கையை விட்டுப் போகவே மாட்டேன் என்கிறதே, நீங்கள் எதை வைத்துத் தேய்க்கிறீர்கள்?’ அடுத்த வாரம் அந்த இருவரில் ஒருவர் அவருக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கையில் இருக்கிற வேலையைப் பற்றிய கேள்விதான் முன்பின் தெரியாதவரிடம் கேட்கச் சுலபமானது. பதில் சொல்கிறவருக்கும் சங்கடம் இல்லை. சீக்கிரமாக வந்து கடைசியாகக் கிளம்புங்கள். பேச்சு நடப்பது வகுப்புக்கு முன்னும் பின்னும்தான்.

பேசி முடித்து அறைக்குத் திரும்பும்போது ‘உளறிவிட்டேன், அவருக்கு என்னைப் பிடித்திருக்காது’ என்று தோன்றும். எரிகா பூத்பியும் அவருடைய குழுவினரும் 2018-இல் வெளியிட்ட ஆய்வில், முதன்முறை பேசிக்கொண்ட இருவரிடமும் தனித்தனியாகக் கேட்டார்கள். ‘எதிராளிக்கு என்னை இவ்வளவுதான் பிடித்திருக்கும்’ என்று இவர்கள் கணித்ததைவிட, உண்மையில் அவருக்கு அதிகமாகவே பிடித்திருந்தது. கல்லூரி விடுதியில் சேர்ந்து தங்கியவர்களிடம்கூட இந்தத் தவறான கணிப்பு மாதக்கணக்கில் நீடித்தது. ஆகவே அந்த எண்ணம் வந்தாலும் அதைச் சாட்சியாக எடுத்துக்கொண்டு அடுத்த வாரம் போகாமல் இருந்துவிடாதீர்கள்.

எவ்வளவு நாளாகும் என்பதற்கும் ஓர் உத்தேசக் கணக்கு இருக்கிறது. கான்சாஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜெஃப்ரி ஹால், கடந்த ஆறு மாதத்துக்குள் புது ஊருக்குக் குடிபெயர்ந்தவர்களையும், புதிதாகக் கல்லூரியில் சேர்ந்தவர்களையும் வைத்து இதைக் கணக்கிட்டார். சாதாரணப் பழக்கம் உண்டாகச் சுமார் 50 மணி நேரம், நண்பர் என்று சொல்லிக்கொள்ள 80 முதல் 100 மணி நேரம், நெருங்கிய நண்பராக 200 மணி நேரத்துக்கு மேல் சேர்ந்து செலவழிக்க வேண்டியிருக்கிறது. வேலையிடத்தில் வேலையாகக் கழிகிற நேரம் இதற்கு அவ்வளவாக உதவுவதில்லை என்பதையும் அவர் கண்டார். வாரம் இரண்டு மணி நேரம் ஒருவரைப் பார்த்தால் 50 மணி நேரம் சேர ஆறு மாதம் ஆகும். இரண்டாவது மாதத்தில் ‘இன்னும் ஒரு நண்பர்கூட இல்லை’ என்று உடைந்துபோகிறவர்கள் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும். உங்களிடம் எந்தக் குறையும் இல்லை, மணி நேரம் இன்னும் சேரவில்லை. பழக்கமானவரை வகுப்புக்கு வெளியே ஒருமுறை அழைத்தால் கணக்கு வேகமாக நகரும். ‘எப்போதாவது சந்திக்கலாம்’ என்று சொன்னால் அது நடக்காது. ‘ஞாயிறு காலை பத்து மணிக்கு அந்தக் கண்காட்சிக்குப் போகிறேன், வருகிறீர்களா?’ என்று நாளும் நேரமும் சொல்லிக் கேளுங்கள்.

ஞாயிறு என்றதும் ஒன்று. வேலை நாட்கள் எப்படியோ ஓடிவிடும். தனிமை கழுத்தைப் பிடிப்பது விடுமுறை நாளின் சாயங்காலத்தில்தான். துணி துவைத்து உலர்த்தியாயிற்று, சாப்பிட்டாயிற்று, மணி நாலரை. வீட்டுக்கு ஏற்கெனவே இரண்டு முறை பேசியாயிற்று. போனில் பள்ளி நண்பர்கள் எங்கோ சேர்ந்து சிரித்துக்கொண்டு நிற்கும் படம். இந்த நேரத்தை முன்கூட்டியே ஏதாவது ஒன்றால் நிரப்பிவைத்துவிடுங்கள். நான் சொன்ன மூன்று இடங்களில் ஒன்றை இந்த நேரத்துக்கென்றே தேடிப்பிடியுங்கள். எங்கும் போக முடியாத ஞாயிறில், அறையை விட்டு இறங்கி ஒரே வழியில் ஒரு மணி நேரம் நடந்துவிட்டு வாருங்கள். ஊர் ஞாபகம் வந்து அழுகை வந்தால் அழுதுவிடுங்கள், அதில் வெட்கம் எதுவும் இல்லை. ஆனால் தூக்கம், சாப்பாடு இரண்டும் வாரக்கணக்கில் கெட்டு, காலையில் எழவே மனமில்லாமல் போனால் ஒரு மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும். அதைத் தள்ளிப்போடாதீர்கள்.

வேலைக்கும் இதே அறிமுகங்கள்தான் உதவும். மார்க் கிரானவெட்டர் என்ற சமூகவியலாளர் 1973-இல் எழுதிய கட்டுரை இன்றுவரை பேசப்படுகிறது. தெரிந்தவர் மூலம் வேலை பெற்றவர்களிடம், அந்தத் தெரிந்தவரை எவ்வளவு அடிக்கடி சந்திப்பீர்கள் என்று கேட்டார். அடிக்கடி என்றவர்கள் சுமார் 17 சதவீதம்தான். எப்போதாவது என்றவர்கள் 56 சதவீதம், அபூர்வமாக என்றவர்கள் 28 சதவீதம். நெருங்கியவர்களுக்குத் தெரிந்தது பெரும்பாலும் நமக்கும் தெரிந்திருக்கும். அரைகுறைப் பழக்கமுள்ளவருக்குத்தான் நாம் கேள்விப்படாத இடத்தின் செய்தி தெரியும். அதனால் ‘என்ன பண்ணுகிறீர்கள்?’ என்று மைதானத்தில் யாராவது கேட்டால், ‘சும்மாதான்’ என்று முடித்துவிடாமல், ‘இன்ன வேலை தேடுகிறேன், இந்த இந்த வேலை தெரியும்’ என்று ஒரு வரி சேர்த்துச் சொல்லுங்கள். வேலை தருவதாகச் சொல்லி முன்பணம் கேட்பவரிடமும், அசல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொள்கிறேன் என்பவரிடமும் பேச்சை அங்கேயே முடித்துவிடுங்கள்.

பணத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். கையிருப்பில் மூன்று மாதச் செலவு இருந்தால் நல்லது. வாடகை வருமானத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டினால் மூச்சு முட்டும். ஊருக்குத் திரும்பும் பயணச் செலவைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு, அதைத் தொடாதீர்கள். அந்தப் பணம் இருக்கிற தைரியத்தில்தான் பிடிக்காத வேலையையும் ஏமாற்றும் முதலாளியையும் விட்டு எழுந்து வர முடியும். உங்கள் முகவரியும் வேலையிடத்தின் தொலைபேசி எண்ணும் வீட்டில் ஒருவரிடமாவது இருக்கட்டும்.

இப்போது பழைய நண்பர்கள். தொடர்பை விட்டுவிட வேண்டாம் என்பதே என் கருத்து. உங்களை ‘வாயே திறக்காத ஆள்’ என்று பார்த்தவர்கள் நகரத்தில் இல்லை, அதுவே போதும். ஊரில் இருப்பவர்களை உங்கள் வாழ்க்கையிலிருந்து அழித்து எதுவும் ஆகப்போவதில்லை. பள்ளிக் காலத்து நண்பரோடு நீங்கள் ஏற்கெனவே ஆயிரம் மணி நேரத்துக்கு மேல் கழித்திருக்கிறீர்கள், அதைத் திரும்பச் சேர்க்க எத்தனை ஆண்டு ஆகும் என்று மேலே உள்ள கணக்கை வைத்தே பார்த்துக்கொள்ளலாம். ஆனால் ஓர் எல்லை வேண்டும். இரவெல்லாம் பள்ளிக் குழுவிலேயே பேசிக்கொண்டிருந்தால் உடம்பு நகரத்திலும் மனது ஊரிலும் இருக்கும். மனதுக்கு நெருக்கமான இரண்டு மூன்று பேரோடு வாரத்தில் ஒரு நாள் குறித்துக்கொண்டு நிதானமாகப் பேசுங்கள். மற்ற நேரத்தில் அந்தக் குழுவை மௌனத்தில் போட்டுவிடலாம். அவர்களில் ஒருவரிடமாவது ‘நான் இங்கே கொஞ்சம் மாற முயற்சி செய்கிறேன்’ என்று சொல்லிவையுங்கள். நல்ல நண்பராக இருந்தால், அடுத்த முறை ‘அந்த வகுப்பில் யாரிடமாவது பேசினாயா?’ என்று அவரே கேட்பார்.

ஊருக்கு முதல்முறை திரும்பிப் போகும்போது எல்லோரும் உங்களைப் பழைய ஆளாகவே நடத்துவார்கள். நீங்களும் இரண்டு நாளில் பழையபடி வாய் மூடி உட்கார்ந்திருப்பீர்கள். அது சூழ்நிலை செய்கிற வேலை. மாறியதெல்லாம் போய்விட்டது என்று அர்த்தமில்லை. முதல் இரண்டு மாதத்துக்குள் போவதைத் தவிர்க்க முடிந்தால் தவிர்த்துவிட்டு, அதன் பிறகு போங்கள். போகும் வாரத்தில் உங்கள் வகுப்பையோ ஆட்டத்தையோ தவறவிட வேண்டியிருந்தால், அங்கே ஒருவரிடமாவது ‘அடுத்த வாரம் நான் வரமாட்டேன், ஊருக்குப் போகிறேன், அதற்கடுத்த வாரம் பார்க்கலாம்’ என்று சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.